குஞ்சம்மாவின் புள்ளடிகள்

2025 ஓகஸ்ட் 13, புதன்

நான் போட்ட கதிர்ச் சிகிச்சைத் திட்டம் இன்றும் திரும்பி வந்துவிட்டது. எங்களுக்குப் படிப்பிக்கும் செல்வநாயகம் சேர் திரையைப் பார்த்துக்கொண்டே, "பிறின்சி, கட்டிக்குக் குடுத்திட்டீர், சரி. இதயத்துக்கும் ஏன் சேர்த்துக் குடுத்தனீர்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

கதிர் எங்கே விழவேண்டும், எங்கே விழக்கூடாது என்று கணினிப் படத்தில் கோடு கீறுவதுதான் என் படிப்பு. பேசாலையில் கேட்டால், "பிள்ளை கான்சர் டொக்டருக்குப் படிக்குது" என்பார்கள். டொக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொல்வது? பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கப் போயிருக்கலாமோ?

ஓகஸ்ட் 14

எடித் குஞ்சம்மாவுக்குக் கதிர் தொடங்கி ஒரு கிழமை. அம்மாவின் தங்கை. இடது மார்பில் புற்று, சத்திரசிகிச்சை முடிந்தது. தோலில் ஊதா மையால், பெருக்கல் குறிபோல, மூன்று புள்ளடி போட்டிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் இயந்திரத்தை நேராக்குவார்கள். தேய்க்கவேண்டாம், சவர்க்காரம் போடவேண்டாம் என்று மறுபடியும் சொன்னேன்.

"வோட்டுக்கே ஒரு புள்ளடிதான். எனக்கு மூண்டு," என்று சிரிக்கிறார். இந்த மனுஷிக்குப் பயமே இல்லையா, அல்லது எனக்குக் காட்டுவதில்லையா?

ஓகஸ்ட் 16, பேசாலை

சனி, ஞாயிறு கதிர் இல்லை; நானும் குஞ்சம்மாவும் வீட்டுக்கு வந்தோம். சித்தப்பா நேற்று மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய், வருத்தம் மாறுமென்று அங்கத்தை மண் கொண்டு வந்திருக்கிறார். எல்லோரும் நெற்றியில் தொட்டோம். நானும்தான்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு



பூசை முடிந்து வந்து குஞ்சம்மா சட்டை மாற்றும்போது பார்த்தேன். புள்ளடிகள் கறுப்பாக இருந்தன. இரவு மடு மண்ணைத் தண்ணீரில் குழைத்து மார்பில் பூசியிருக்கிறார். காலையில் கழுவினால் எல்லாம் போய்விட்டது. பயந்துபோய், சித்தப்பா மீன் பெட்டியில் பேர் எழுதும் பேனையை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தானே போட்டிருக்கிறார்.

"உனக்குத்தான் கரைச்சல் எண்டு சொல்லேல்லை. நீ ஒருக்காச் சரியாக் கீறிவிடு பிள்ளை. உதுக்குத்தானே படிக்கிறாய்?"

"எனக்குத் தெரியாது குஞ்சம்மா."

"அப்ப என்னத்தைப் படிக்கிறாய்?"

பேனையை வாங்கினேன் — ஓம், வாங்கினேன். திரையில் என்றால் எனக்கு இடம் தெரியும். இந்தத் தோலில்? பிழையாக விழுந்தால் உள்ளே இதயம். பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். "அங்க எல்லாருக்கும் முன்னால ஏச்சு வாங்க நான் வரமாட்டன்," என்று குஞ்சம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வராவிட்டால்? பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியுமே!

மண் பூசினதுக்கு எப்படி ஏசுவேன்? என் நெற்றியிலும் அதே மண்.

சேருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "ஒண்டும் கீறவேண்டாம். கூட்டிக்கொண்டு வாரும்."

ஓகஸ்ட் 18

குஞ்சம்மா வந்தார். அம்மா அழுதபடியால் வந்தார், எனக்காக இல்லை. பஸ்ஸில் வேறு சீற்றில் போய் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஏசவில்லை. மறுபடி படம் எடுத்தார்கள். குஞ்சம்மா போட்ட புள்ளடி இரண்டு விரல் தள்ளி இருந்தது, இதயப் பக்கம்.

சேர் கேட்டார்: "புதுத் திட்டம் நீர் போடுறீரோ? நான் பாக்கிறன்." மாட்டேன் என்றேன். அதை என்னிலும் மூத்த மாணவர் ரவிசந்திரனிடம் கொடுத்துவிட்டார். சொந்தக் குஞ்சம்மாவுக்கே கீறமாட்டேன் என்றவள் ஊராருக்கு எப்படிக் கீறுவேன்? படிப்பை விட்டுவிடுவதுதான் மரியாதையோ? ஒன்றும் விளங்கவில்லை.

ஓகஸ்ட் 19

சோறு இறங்கவில்லை.

ஓகஸ்ட் 21

இன்று மறுபடி தொடங்கியது. இயந்திர அறை வாசலில் குஞ்சம்மா வாய் திறந்தார். "நீயே கீறினனி?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். நிம்மதியாகப் போய்ப் படுத்திருப்பார்.

"இல்லை, ரவிசந்திரன் அண்ணா. எனக்குக் கை ஓடேல்லை."

குஞ்சம்மா உள்ளே போகமாட்டாரோ என்று நினைத்தேன். கழுத்தில் கிடந்த மாதா உத்தரியக் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்ததும் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். "அங்க கதிருக்குக் காத்துக்கொண்டு இருக்கிற சனத்துக்கெல்லாம் நீதான் கீறினதெண்டு சொல்லிப்போட்டன். இனி நீ படிச்சு முடிக்கத்தான் வேணும்," என்றார்.

சிரிப்பதா அழுவதா?

செப்டெம்பர் 2

தலைமன்னாரிலிருந்து கதிர்ச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். கலாராணி என்று பெயர். "எடித் அக்காவுக்குக் கீறின பிள்ளை நீங்களோ?"

"இல்லையக்கா, அது வேற ஆள். உங்களுக்குத்தான் கீறப்போறன். சேர் பக்கத்தில இருப்பார்."