நார்வே தலைவியோடு பூட்டிய அறையில்

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? அம்மாவுக்கு பிரஷர் எப்படி? போனில் சொன்னால் அம்மா கேட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் சான் ரமோன் ஆபீசுக்கு நார்வேயின் மிதவாத வலதுசாரிக் கட்சித் தலைவி ரக்னில்ட் பேச வந்தார். அவரை அறிமுகப்படுத்தும் வேலை எனக்கு. தொடங்கும் முன், கட்டடத்தில் யாரோ துப்பாக்கியோடு இருப்பதாக எல்லோர் போனிலும் எச்சரிக்கை வந்தது. "ரெனிஷா, உள்ளே போய் கதவை லாக் பண்ணு!" என்று கூட வேலை செய்யும் ஃபிரெடி கத்தினான்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், இருட்டில், நானும் ரக்னில்டும் தரையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மூச்சே வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து, "என்னைப் பற்றி என்ன சொல்லப் போகிறாய்? மெதுவாகச் சொல்லு" என்றார்.

மீனவர் மகள், இருபத்திரண்டு வயதில் நகராட்சி உறுப்பினர், பிறகு நிதியமைச்சர், தேர்தலில் தோற்ற கட்சியைத் திரும்ப நிமிர்த்தியவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எதற்கும் அஞ்சாதவர்" என்று முடித்தேன்.

"அதை மட்டும் எடுத்துவிடு" என்றார். பிடித்திருந்த என் கையை அவர் விடவேயில்லை.

பொய்த் தகவல்தான், அப்பா. போலீஸ் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டமும் நடந்தது.

நார்த்தங்காய் ஊறுகாய் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இப்போதெல்லாம் கதவு படாரென்று சாத்தினாலே உடம்பு பதறுகிறது. காலையில் நீங்கள் பைபிளில் வாசிக்கும் சங்கீதத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவீர்களா? எந்த சங்கீதமானாலும் சரி, நீளமானதாக இருக்கட்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
ரெனிஷா