பலகைக்குள் நின்ற வெள்ளம்

இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் களிமண் மணக்கிறது. முந்தாநாளிலிருந்து விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓயா ஆறு காலையிலேயே துணி துவைக்கும் கல்லை மூடிவிட்டது. என்னைத் தனியாக விட்டு நீங்கள் மௌத்தான பிறகு வரும் முதல் வெள்ளம். வாசல் நிலையில் நீங்கள் வெட்டிய காடிக்குள் வெள்ளம் தடுக்கும் பலகையை நானே இறக்கி, இடுக்கெல்லாம் களிமண் அப்பினேன். அந்த மணம் உங்களைக் கொண்டுவந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, சொல்லாமல் விடுவேனா?

அந்த வருஷம் வெள்ளம் வந்தபோது பெருநாளுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அலவத்துகொட முழுதும் உங்களிடமே தைக்கக் கொடுத்ததுபோல் வீடெல்லாம் துணி. கலகெதரவிலிருந்துகூட ஒரு கல்யாணச் சட்டை. அதில் ஒன்று சேறானாலும் உங்களை நம்பி இனி யாரும் ஒரு முழத் துணி தரமாட்டார்கள். எல்லாவற்றையும் அலுமாரியில் அடுக்கினீர்கள். பலகையை இறக்கி, களிமண் அப்பி, மண்மூட்டையும் வைத்துவிட்டுப் பிளேன்டீ கேட்டீர்கள். "இனி ஒரு சொட்டு வராது" என்றீர்கள்.

நான் தேயிலையைத் தொடுவதற்குள் குளியலறை ஓட்டையால் தண்ணீர் பொங்கி வந்தது. முன்வாசலைப் பார்த்துப் பார்த்து அடைத்தவருக்குப் பின்னால் ஒரு ஓட்டை இருப்பது நினைவில்லை. சாக்கும் களிமண்ணும் திணித்து அதை அடைப்பதற்குள் வீட்டுக்குள் முழங்காலளவு. வந்த தண்ணீர் இனி வெளியே போகவும் வழியில்லை.

"பலகயக் கழட்டுங்க, தண்ணி போகட்டும்" என்றேன்.

"பைத்தியமா? வெளிய ஆறு ஓடுது."

எட்டிப் பார்க்கவும் மாட்டீர்கள். பலகை மேல் அவ்வளவு பெருமை. கடைசியில் முன்வீட்டு நானா ஜன்னலால் தலையை நீட்டினார். "ரோட்டுல தண்ணி வடிஞ்சி எவ்வளவு நேரம். நீங்க ரெண்டு பேரும் உள்ளுக்கு குளம் கட்டிக்கிட்டு என்ன செய்றீங்க?"

அப்போதுதான் பலகையை இழுத்தீர்கள். தண்ணீர் என் செருப்பையும் கூட்டிக்கொண்டு போனது.

ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டுகளில் ஊர்த் துணியெல்லாம் நனையாமல் இருந்தன. அடித்தட்டில் சேறு ஒழுகக் கிடந்தன என் பெருநாள் சாரியும் அதற்கு நீங்கள் தைத்த சட்டையும்.

"இத மட்டும் ஏன் கீழ வெச்சீங்க?"

"மேல எடமில்ல. ஊராக்கள்ட துணி நனஞ்சா நான் அவங்களுக்கு என்ன சொல்ற? ஒன்ட நனஞ்சா நீ ஏசுவ. அவ்வளவுதானே."

ஏசினேன். பெருநாள் முடிந்த பிறகும் ஏசினேன். நீங்கள் குனிந்து தைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள், சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரியாமலில்லை. இந்த உலகத்தில் நீங்கள் பயப்படாமல் நனையவிடக்கூடிய துணி என்னுடையது ஒன்றுதான் என்பது மெல்லத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு உங்கள் மேல் பிரியம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்று முதலில் குளியலறை ஓட்டையை அடைத்தேன், பிறகுதான் வாசல். பத்து மணியளவில் பக்கத்துப் பள்ளத்து வீட்டுப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம்கூட இல்லை, ஒரு மூட்டையோடு பலகையைத் தாண்டி வந்தாள். "மாமி, இத எங்க வெக்கிற?" என்றாள். மேல்தட்டிலிருந்த என்னுடையதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அவளுடையதை ஏற்றினேன். யோசிக்கவேயில்லை.

மத்தியானம் எப்படியோ தண்ணீர் கசிந்து வந்தது, கணுக்காலளவுதான். அவளுடையது ஒன்றும் நனையவில்லை. என் போர்வையும் இரண்டு சாரியும் ஒரே சேறு. கீழே வைத்தது நானேதான். ஆனாலும் கோபம் வந்து, "இஞ்ச பாருங்க" என்று உங்களைக் கூப்பிட்டும் விட்டேன்.