எட்டத்தில் வலது கை, கிட்டத்தில் இடது கை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
5.11.2006

என் கண்ணு ஏஸ்தெலுக்கு,

சேசு, மரி, சூசை உன்னைப் பாரிசுக் குளிர்லேர்ந்து காப்பாத்தட்டும்.

இங்க வந்து என்னை வச்சு எடுத்தியே, உன் படிப்புக்கான படம், அதோட சிடி எப்ப வரும்? தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். “அஞ்சாங்கிளாஸ் கிழவி சினிமாவுல நடிக்கிறாளாம்”னு மீன்காரி சின்னப்பொண்ணு கேலி பண்றா. பண்ணட்டும். கதவு தட்டற சத்தம் கேட்டு ஆயா போய்த் தாழ்ப்பாளைத் திறக்கிற ஒரே காட்சி. அதை எட்டத்துலேர்ந்து ஒரு நாள் எடுத்த. காரைக்கால் போயிட்டு வந்து கிட்டத்துலேர்ந்து இன்னொரு நாள் எடுத்த. ஒரே நாள் மாதிரி இருக்கணும்னு சொன்னியே, அதே சேலை, அதே கொண்டை, அதே கனகாம்பரம். ஏதாவது பிசகுச்சா, சொல்லு பார்ப்போம்!

லெயோன் மாமாவும் ஆவலா இருக்கான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டணுமாம். தாயும் பிள்ளையும் நல்லா இருக்கோம்.

உன் ஆயா
எலிஸபெத்

பாரிஸ்
21.11.2006

என் ஆயாவுக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம்.

பிசகிடுச்சு ஆயா. எட்டத்துல எடுத்ததுல தாழ்ப்பாளுக்கு நீ வலது கையை நீட்டற. கிட்டத்துல திறக்கிறது இடது கை. எட்டத்துல ஆரம்பிச்ச அசைவு கிட்டத்துல அப்படியே முடிஞ்சாதான், நடுவுல வெட்டு இருக்கறது பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியாது. அன்னிக்கு மேகம் கட்டிக்கிட்டு வந்த அவசரத்துல நான் கவனிக்கல.

ஏன் கை மாறுச்சுன்னு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கிட்டத்துல எடுத்ததுல வலது கை முந்தானைக்குள்ள இருக்கு. ஒரு இடத்துல முந்தானை விலகுது. மணிக்கட்டு வீங்கி, விரல் பதிஞ்ச மாதிரி கறுத்துக் கிடக்கு.

நான் காரைக்கால்ல இருந்தப்ப என்ன நடந்துச்சு? மாமாவா?

ஏஸ்தெல்

நெல்லித்தோப்பு
4.12.2006

ஏஸ்தெலுக்கு ஆயா எழுதறது.

பாரிசுக்குப் போய் என் மணிக்கட்டைத்தான் பாத்துக்கிட்டு இருக்கியா? பாத்ரூம்ல வழுக்கிச்சு, அவ்வளவுதான். மாமாவைப் பத்தி அப்படி எழுதாதே. குடிச்சாத்தான் கோவம். விடிஞ்சா காபி போட்டுக் குடுக்கிற பிள்ளை. அங்க உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டாங்க.

கண்ணு, அவன் தினம் சிடியைக் கேக்கறான். நாலு பேர் முன்னாடி அந்தக் கை தெரிஞ்சுதுன்னா, எல்லாரும் எழுந்து போனப்புறம் அந்த வீட்டுல அவனோட நான்தானே இருக்கணும்? மறைக்க வழி இல்லையா? நம்ம பூனையை எடுத்தியே, அதை நடுவுல வையேன்.

ஆயா

பாரிஸ்
18.12.2006

ஆயா,

வச்சுட்டேன். நீ வலது கையை நீட்டற. பூனை திரும்பிப் பாக்குது. இடது கை கதவைத் திறக்குது. பூனையைப் பார்த்த நேரத்துல நீ கை மாத்திக்கிட்டன்னு பாக்கறவங்களே நினைச்சுக்கறாங்க. கூடப் படிக்கிறவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. இவ்வளவு சுலபமா இருக்கேன்னுதான் பயமா இருக்கு.

பூனையோட ஒண்ணு, பூனை இல்லாம ஒண்ணு வச்சிருக்கேன். எதை அனுப்ப? நீ சொல்ற வரைக்கும் அம்மாகிட்ட வாயைத் திறக்க மாட்டேன்.

ஏஸ்தெல்

மூலக்குளம்
8.1.2007

கண்ணு,

மேல இருக்கிற ஊரைப் பார்த்துப் பதறாதே. என் தங்கச்சி புஷ்பமேரி வீட்டுல இருக்கேன்.

உன் கடிதாசைப் படிச்சிட்டு இருந்தப்ப மாமா வந்துட்டான். “என்னா எழுதியிருக்கா? படி”ன்னான். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துலயே படிச்சவன், தமிழ் எழுத்துத் தெரியாதே. பூனையை விட்டேன், கையை விட்டேன். “மாமா சௌக்கியமா, மாமாவுக்கு என்ன வாங்கிட்டு வரணும்”னு நானா நடுவுல சேர்த்துப் படிச்சேன். ஒரு இடத்துலயும் நாக்கு தடுக்கல. “செண்ட் பாட்டில் வாங்கியாறச் சொல்லு”ன்னு சிரிச்சுட்டுப் போனான்.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இதை எப்ப இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டேன்? பக்கத்து வீட்டுல, பங்குச் சாமியார்கிட்ட, போன்ல உங்கம்மாகிட்ட, எல்லார்கிட்டயும் இப்படித்தானே சொல்லியிருக்கேன். ஒருத்தரும் கேக்கல. நாளைக்கு நானே இல்லாமப் போனாலும் அவன் நடுவுல எதையாவது வச்சிடுவான். அப்பவும் யாரும் கேக்க மாட்டாங்க.

அவன் வெளிய போன நேரமாப் பார்த்து ஆட்டோ ஏறிட்டேன்.

பூனை வேணாம். அது இல்லாததை உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டு. இந்தக் கடிதாசு கைக்கு வந்த அன்னிக்கே காட்டு.

தெருவுல மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டா மாமாவோன்னு எழுதறதை நிறுத்திடறேன். இப்ப ஒண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு. புஷ்பமேரி பார்க்கப் போயிருக்கா. இதை மடிச்சு மாடி வீட்டுப் பொண்ணு கையில குடுத்துடறேன், அவ தபால்ல சேர்த்துடுவா.

ஆயா