பேசாத டீச்சர்

தஞ்சாவூர்
4.11.2023

அன்பு நுஸைபாவுக்கு,

போனில் பேசினால் என் கரகரப்பில் பாதி உனக்குக் கேட்பதில்லை. அதனால் கடிதம். புற்றுதானாம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்தால் பிழைப்பேன், பேச்சு போய்விடும்.

அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று வாத்தியார்களுக்கே கற்றுத்தந்து பேராசிரியர் ஆனவள் நான். என் பிழைப்பே வாய்தானே? ஊமையாக உட்கார்ந்து என்ன செய்ய? ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். தம்பி பரிதி கோபித்துக்கொண்டு வீட்டுப்பக்கமே வருவதில்லை. நீயாவது கோபித்துக்கொள்ளாதே.

உன் ஜெயபாரதி

அதிராம்பட்டினம்
8.11.2023

அடி பாரதி,

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். கோபித்துக்கொள்ளாமல் கொஞ்சவா செய்வேன்? அழுதேன், அப்புறம் உன்னை வாய்நிறைய ஏசினேன்.

என் வகுப்பைப் பார்க்க வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து என்ன சொல்வாய்? "கேள்வி கேட்டாச்சுல்ல? வாயை மூடிக்கிட்டு நில்லு. புள்ளைங்க யோசிக்கட்டும்." எத்தனை வாத்தியார்களை அப்படி நிற்கவைத்து வியர்க்கவிட்டாய்! அதற்குக் குரல் எதற்கு?

ஆபரேஷன் முடித்து என் பள்ளிக்கு வா. ஏழாம் வகுப்பு உனக்கு. தலைமையாசிரியை நான் சொல்கிறேன், யார் கேட்பது? சம்மதம் என்று டாக்டரிடம் சொல். நீ இல்லாவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

நுஸைபா

தஞ்சாவூர்
21.2.2024

பிரியமுள்ள நுஸைபா,

நேற்று என்னை வகுப்பில் விட்டுவிட்டு நீ ஆபீசுக்குப் போய்விட்டாய். நடந்ததைக் கேள்.

தம்ளர் தண்ணீரில் நெல்லைப் போட்டேன். சிலது மிதந்தது, மற்றது முழுகியது. போர்டில் "ஏன்?" என்று எழுதிவிட்டு நின்றேன். முதலில் என் கழுத்துத் துணியைப் பார்த்தார்கள், பிறகுதான் தம்ளரை. ஒரு பெண் எழுந்து வந்து, மிதந்ததில் ஒன்றைக் கடித்தாள்.

"மிஸ், உள்ள ஒண்ணுமே இல்ல. பதரு. அதான் மிதக்குது. சரியா மிஸ்?"

நான் தலையாட்டவில்லை. அவள் முழுகியதிலும் ஒன்றைக் கடித்தாள், அரிசி இருந்தது. "சரிதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். என்னைக் கேட்கவேயில்லை. நீ ஜெயித்துவிட்டாய், நுஸைபா.

ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேனடி. பிழைத்ததில் வருத்தமில்லை. மணி அடித்ததும் அவள் பெயரை எழுதிக் காட்டும்படி சைகை செய்தேன். சுடர்விழி. எவ்வளவு நல்ல பெயர்! வாய்விட்டு ஒருதரம் கூப்பிட ஆசையாக இருந்தது. கழுத்து ஓட்டை வழியே காற்றுதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறேன். வகுப்பு தொடங்குமுன் நீ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

பாரதி