பொய்த் தீர்மானமும் நிஜக் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மகள் எழுதுவது. நான் சௌக்கியம். முழங்கால் வலியே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நம்பவில்லை, அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஜெயித்து வந்த கவுன்சிலர்களுக்கு, எதையும் படித்துப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லித்தருகிறேன். திங்கட்கிழமை சோதனைக்காக, ஊர்க் குளத்தை மூடிக் கடை கட்டலாம் என்று நானே ஒரு பொய்த் தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். பதினோரு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தையல்கார அம்மா மட்டும், "குளத்தை மூடிட்டுத் தண்ணிக்கு எங்க போறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

டீ குடித்துவிட்டு வந்தால் அந்தத் தாளைக் காணோம். "காத்துல பறந்திருக்கும்," என்றார் ஆபீஸ் மேனேஜர். ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. தீர்மானம் பொய், கையெழுத்து நிஜமாயிற்றே. அதைக் காட்டி யாரும் குளத்தை மூடிவிடலாம்.

மறுநாள், அது வெறும் பயிற்சி, செல்லாது என்று கூட்ட முடிவுகளை எழுதும் மினிட் புத்தகத்தில் எழுதி நீட்டினேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் வரி வரியாகப் படித்தார்கள். பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கவலைப்பட ஒன்றுமில்லை. மேனேஜர்தான் நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று இரண்டு தடவை விசாரித்தார். அண்ணன் வரும்போது நல்ல பூட்டு ஒன்றும், வீட்டில் ஆண் துணை இருப்பதுபோல் தெரிய வாசல் கொடியில் தொங்கவிட உங்கள் சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். என்னைப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் வேன் வந்துவிட்டது. சட்டையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.