செல்வியின் கட்டைவிரல்

14.7.83, வியாழன்

ரைஸ்மில் பெல்ட்டில் வலதுகை போனதிலிருந்து என் மனைவி செல்வி, செயற்கைக் கையால் குழந்தையைத் தொட்டதே இல்லை. எவ்வளவு இறுக்குகிறோம் என்று தெரியாதே என்ற பயம்.

இன்று தென்காசிக்கு வந்த மெட்ராஸ் டாக்டர், அந்தக் கையின் கட்டைவிரலை அழுத்தினால் அவள் நரம்பில் லேசாக மின்சாரம் பாயும்படி ஒரு பெட்டியைப் பொருத்தினார். கண்ணை மூடியிருந்தவள், "கட்டைவிரல்ல என்னமோ படுது, சார். இப்ப அழுத்தம் கூடுது," என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

பிறகு அந்தக் கையாலேயே குழந்தையின் காலைப் பிடித்தாள். அவன் அழவில்லை, சிரித்தான்.

சோதித்துப் பார்க்க மட்டும் கொண்டுவந்த பெட்டியைத் திருப்பிக் கேட்க டாக்டர் தயங்கினார். அவளே கழற்றிக் கொடுத்தாள். "இன்னும் நல்லாச் செஞ்சு கொண்டாங்க, சார். நான் இங்கனதான் இருப்பேன்."

எனக்கென்றால் கொடுக்க மனசு வந்திருக்காது. அவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்காமலே வந்துவிட்டோம்.