பதினொரு ‘ஒருபோதும் இல்லை’

வில்லியனூர்
3.9.2024

அருமை வினோதினிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. போனை நீ எடுப்பதே இல்லை, அதனால்தான் காகிதம். உன்மேல் எனக்குக் கோபம்டி.

பல்கலைக்கழக ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு துணை நிற்கிறார்கள் என்று அளக்க நாற்பது கேள்வி எழுதி, ஏழு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன் இல்லையா? ஏழிலும் கடைசி உங்கள் துறை! ‘சக ஆசிரியையின் வேலையை ஏற்றுச் செய்ததுண்டா?’ பதினொரு பேரும் ‘ஒருபோதும் இல்லை’. நீயும்தான். எனக்குக் காய்ச்சல் என்றதும் பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டுவந்தவள் நீ. இன்னாடி ஆச்சு உனக்கு?

உன்
சகாயராணி


பாகூர்
9.9.2024

ராணி,

முதலில் உன் தப்பைக் கேள். படிவங்களைத் துறைத் தலைவரிடம் சேர்க்கச் சொன்னாயே, அறிவு இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்பினார் மனுஷன்.

எங்களோடு அமுதம் என்று ஒரு கெஸ்ட் லெக்சரர். கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்திலேயே, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். கெஸ்ட்டுக்கு லீவு ஏது? ஒரு வாரம் வராவிட்டால் வேறு ஆள். ஜூலையிலிருந்து அவள் வகுப்புகளைத் தலைவருக்குத் தெரியாமல் நாங்கள் பதினொரு பேரும் பங்கு போட்டு எடுக்கிறோம். உஷாராணியும் சுகன்யாவும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. உஷா பாடத்தை நிறுத்திய இடத்தைப் பலகை ஓரத்தில் எழுதிவிட்டுப் போகிறாள். சுகன்யா அங்கிருந்து தொடங்குகிறாள். பேச்சு மட்டும் இன்னும் கிடையாது! பிள்ளைகள்கூட வெளியே மூச்சு விடவில்லை.

ஒருத்தி ‘உண்டு’ என்று எழுதினாலும் ‘யாருக்கு?’ என்று கேட்டிருப்பார் தலைவர். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை ராணி. அவரவர் அறையில் தனித்தனியாகத்தான் நிரப்பினோம். எல்லாருமே அதையே எழுதியது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

வினோ


வில்லியனூர்
14.9.2024

என் வினோ,

மூன்று முறை படித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பேசி வைக்காமல் பதினொரு பேரா! அம்மாடி, இதை எந்தக் கேள்வி வைத்து அளப்பேன்? வெட்கமாக இருக்கிறது.

ஆனால் தரவரிசைப் பட்டியல் என் ஆய்வு வழிகாட்டி கைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் துறைப் பெயரோடு அச்சாகிறது. பொறாமை பிடித்தவர்கள் என்று எல்லாரும் சிரிப்பார்கள். உங்களை நீக்கச் சொன்னால் காரணம் கேட்டு உங்கள் துறைக்கே ஆள் வரும். அமுதத்தின் வேலை போய்விடும். நான் என்ன செய்யட்டும், சொல்.

ராணி


பாகூர்
20.9.2024

அன்பு ராணிக்கு,

மதியம் மற்ற பத்துப் பேரையும் ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். சுகன்யாதான் முதலில் வாய் திறந்தாள். “கடைசின்னு போட்டா போட்டுக்கட்டும்பா. நம்ம பேரு இன்னா கரைஞ்சா பூடும்?”

உஷாராணி அவளைப் பார்க்காமலே தலையாட்டினாள். ஒருத்திகூட மறுக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அமுதத்திடம் சொல்லவில்லை. தெரிந்தால் அவளே வேலையை விட்டுவிடுவாள். நவம்பர் கடைசியில் பிரசவம்.

கடைசி இடத்தையே போடு. துறைப் பெயரை மட்டும் பிழையில்லாமல் அச்சடிக்கச் சொல்.

உன்
வினோதினி